அறுபத்துமூணு ஈயமும் இரண்டு திருகாணிகளும்

பொம்மிடியில் அந்தக் கடைக்கு ஈயக்கம்பி வாங்கப் போய், வாங்கிய கையோடு வீடு திரும்பிய மனிதர் ஒருவர்கூட இல்லை. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கடைக்கு மேல் மாடியில் நான்கு வருடம் குடியிருந்தவன் என்ற முறையில், ஜன்னல் வழியாகப் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

கடைக்காரருக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ஊரில் அவர் பெயர் அறுபத்துமூணு. ஒயரோடு ஒயரைப் பற்றவைக்கும் ஈயக்கம்பியில் அறுபத்துமூன்று பங்கு வெள்ளீயமும் முப்பத்தேழு பங்கு காரீயமும் இருக்க வேண்டும், அதற்கு ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் அது ஈயமே அல்ல என்பது அவர் கட்சி. கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது அறுபதுக்கு நாற்பது. அந்த மூன்று பங்கு வித்தியாசத்துக்காக அவர் இழந்த வாடிக்கையாளர்களை வைத்து ஒரு டவுன் பஸ்ஸை நிரப்பலாம்.

மிக்ஸி, இன்வெர்ட்டர், முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர் எல்லாவற்றையும் ரிப்பேர் செய்வார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் இரண்டு கண்ணாடி. ஒன்று பக்கத்தில் பார்க்க, இன்னொன்று ஆளைப் பார்க்க. ஆளைப் பார்க்கிற கண்ணாடியை அவர் மாட்டினால் விசாரணை ஆரம்பம் என்று அர்த்தம்.

ஒருநாள் சித்தேரி மலையிலிருந்து ஒருவர் வந்து, ஈயம் கொஞ்சம் வேண்டும் என்றார்.

"எதுக்குங்க?"

"ஒட்டறதுக்குங்க."

"எத எதோட ஒட்டப் போறீங்க? ஒயரு எவ்ளோ தடி? எத்தன ஆம்பியர் போவும்? ஒட்டுன எடம் ஆடுமா, ஆடாதா? மழ படுமா?"

மலைக்காரர் பொறுமைசாலி. தெரிந்ததற்குப் பதில் சொன்னார், தெரியாததற்குத் தலையாட்டினார். முக்கால் மணி நேரம் கழித்து, அவர் போக வேண்டிய பஸ் ஹாரன் அடித்துக் கிளம்புவது கேட்டது. அவர் அமைதியாகச் சொன்னார்.

"நான் டார்ச்சு லைட்டுக்குக் கேட்டேனுங்க."

அறுபத்துமூணு கண்ணாடியைக் கழற்றினார். "டார்ச்சுக்கு எது வச்சாலும் புடிக்கும். மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார். அன்று மலைக்காரர் கடைசி பஸ்ஸில்தான் போனார். டார்ச்சை அறுபத்துமூணுவே சரிசெய்து கொடுத்தார், இலவசமாக.

அறுபதுக்கும் அறுபத்துமூன்றுக்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று நானும் ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். நான் அப்போது ஒரு நாளிதழுக்கு இந்தப் பகுதியிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். என் அறையில் செல்போன் சிக்னல் கிடைக்காது. கடைக்குப் பக்கத்து மாடிப்படியில் ஐந்தாவது படியில் கிடைக்கும். அதனால் மாலை நேரங்களில் நான் அவர் பார்வையிலிருந்து தப்ப முடியாது.

"ரிப்போர்ட்டரே, களி கிண்டிப் பாத்திருக்கீங்களா?"

"சாப்பிட்டிருக்கேன்."

"தண்ணியாவும் இல்லாம கட்டியாவும் இல்லாம நடுவால ஒரு பதம் வருமில்ல? அறுவதுக்கு நாப்பது ஈயம் ஆறும்போது ஏழு டிகிரி அந்தப் பதத்துல கெடக்கும். அப்ப யாராச்சும் தும்முனா ஜாயிண்ட் உள்ளுக்குள்ளயே விட்டுரும். வெளிய பாத்தா தெரியாது. அறுவத்துமூணு அப்பிடி இல்லீங்க. நூத்தி எம்பத்து மூணு டிகிரி வரைக்கும் தண்ணி. அதுக்குக் கீழ வந்தா கல்லு. நடுவால பேச்சே கெடையாது."

இவ்வளவு நம்பிக்கை வைத்த மனிதர் எந்தப் பயமுமில்லாமல் பற்றவைப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கடையோ தண்டவாளத்துக்கு ஐம்பது அடி தள்ளி இருந்தது. ரயில் போகும்போது மேஜை மேலிருக்கும் திருகாணிகள் தாமாக நகரும். எனவே சுவரில் ரயில் நேரங்களை எழுதி ஒட்டியிருந்தார். இரண்டு ரயில்களுக்கு நடுவில் மட்டுமே பற்றவைப்பார். ரயில் தாமதமானால் பொம்மிடியில் பயணிகளுக்கு அடுத்தபடியாகக் கவலைப்பட்டவர் அவர்தான். ஸ்டேஷன் வரை நடந்து போய் விசாரித்துவிட்டு வருவார்.

"அறுபத்துமூணு போட்டா ஆட்டம் ஒண்ணும் செய்யாதுன்னீங்களே?"

"அது ஈயத்து மேல இருக்கற நம்பிக்கைங்க. இது சரக்கு வண்டி மேல இருக்கற பயம்."

பற்றவைக்கும் கட்டம் வந்ததும் இடது கையைத் தூக்குவார். கடையில் இருப்பவர்கள் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். கை இறங்கியபின் விடலாம். சரிசெய்த மிக்ஸியை வாங்கிப்போக வந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கியபடி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். காரீயம் உடம்புக்கு ஆகாது என்பதால் கடைக்குள் யாரும் எதுவும் தின்னக் கூடாது. அவரே டீ குடிக்கும் முன் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று குடிப்பார். நல்ல ஈயத்தைக் காதருகில் வைத்து வளைத்தால் மெல்ல முனகும் என்பார். நானும் வளைத்துப் பார்த்தேன். எனக்குக் கேட்டதெல்லாம் சேலம் பக்கம் போகும் சரக்கு ரயில்.

சேலத்தில் இன்ஜினியரிங் படித்த ஒருவன், தானே செய்த டிரோன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். பறக்கும்போது பேட்டரி ஒயர் கழன்று அது ஒரு கரும்புத் தோட்டத்தில் விழுந்துவிட்டது. காரீயம் இல்லாத புதுவகை ஈயம் வைத்துப் பற்றவைத்ததாகப் பெருமையாகச் சொன்னான். அறுபத்துமூணு கண்ணாடியை மாற்றினார்.

"ஈயம் நல்ல ஈயம்தாம்பா. ஒடம்புக்கும் நல்லது. ஆனா அது உருக இருநூத்திப் பதினேழு டிகிரி வேணும். பத்தவைக்க உங்கிட்ட இருக்கறது என்ன அயர்ன்?"

"இருபத்தஞ்சு வாட்டுங்க."

"சுண்டு வெரல் தடி ஒயரு. அது சூட்ட உறிஞ்சிக்கிட்டே போவும். நீ வச்சது ஈயம் இல்ல, பொட்டு. ஒட்டல, சும்மா ஒக்காந்திருந்துச்சு." பிறகு அவன் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "கரண்ட் அதிகமா போற எடத்துல ஈயத்த நம்பக் கூடாது. செம்பும் செம்பும் முறுக்கிக் கட்டிப் புடிச்சிருக்கணும். ஈயம் அது விடாம பாத்துக்கிட்டா போதும்."

அவர் சொன்னதில் ஆகச் சரியான வார்த்தை அதுதான் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவருக்கும்.

சாந்தா அந்தக் கடைக்கு வந்தது ஒரு ஜூன் மாதம். பக்கத்துத் தெருக்காரி, நாற்பது வயது. சிறுவயதிலேயே இரண்டு கால்களும் சூம்பிப்போனவர். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில்தான் போவார், வருவார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அதுவரை வீட்டுக்கு அருகிலிருந்த பள்ளிக்கூடத்தில் வேலை. இப்போது நான்கு கிலோமீட்டர் தள்ளி, மலைப் பக்கம் உள்ள ஊருக்கு மாற்றியிருந்தார்கள். வழியில் ஒரு நீண்ட ஏற்றம். காலை ஒன்பதுக்குள் போய் அரிசி பருப்பை அளந்து சமையல்காரம்மாவிடம் கொடுத்தால்தான் மதியம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. அவருடைய தம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் விட்டுவந்தான். அவனுக்கு பெங்களூரில் கட்டட வேலை. ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான்.

"தம்பி என்னய வேலைய வுட்ருன்னு சொல்றாங்கண்ணா. வூட்ல ஒக்காந்து நான் என்னா பண்றது? இந்த வண்டிக்கு மோட்டாரு வச்சுத் தர முடியுமா?"

"முடியும்மா," என்றார் அறுபத்துமூணு.

மோட்டாரைப் பத்து நிமிடத்தில் தேர்வு செய்தார். இரண்டு பேட்டரியை ஒரே நாளில் வாங்கினார். வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி மூன்றாம் நாள் வந்துவிட்டது. பிறகு எந்த ஈயம் என்று யோசிக்கப் பத்தொன்பது நாள் எடுத்துக்கொண்டார்.

ஏற்றத்தில் முப்பது ஆம்பியர் போகும். தொடர்ந்து பத்து நிமிடம். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும். மழையில் நனையும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் பயன்படுத்தும் ஆசிட் கலந்த பசை அறவே கூடாது, ஆறு மாதத்தில் செம்பைப் பச்சையாக்கித் தின்றுவிடும். மரப்பிசின் உள்ளே ஓடும் கம்பிதான் வேண்டும். கம்பி ஒரு மில்லிமீட்டரா, ஒன்றரையா? வெள்ளி கலந்த ஈயம் வாங்கினால் என்ன? தருமபுரிக்கு ஒருமுறை போனார். சேலத்துக்கு இருமுறை. ஐந்தாவது படியில் உட்கார்ந்து நான் விபத்துச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போது வந்து, வெள்ளி பற்றி என் கருத்தைக் கேட்டார்.

சாந்தா தினமும் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கடை வாசலில் வண்டியை நிறுத்துவார்.

"ஆச்சாங்கண்ணா?"

"ஈயம் மட்டும்தாம்மா பாக்கி."

"ஏங்கண்ணா, வண்டி ஓடணும். ஈயம் ஓடக் கூடாது. இதுக்கு இத்தன நாளா?"

"நீ ஏத்தத்துல பாதில நின்னுட்டா நான் அந்தப் பக்கம் தல காட்ட முடியுமா?"

"இப்ப மட்டும் எந்தப் பக்கம் தல காட்றீங்க? கடைய வுட்டு எங்கயும் வர்றதில்ல."

தம்பியின் லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, அறுபத்துமூணு ஈயத்தைத் தேர்வு செய்தார். அறுபத்துமூன்றுக்கு முப்பத்தேழு.

வேலை நடந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நூறு வாட் அயர்னை எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்திருந்தார். ஒயர்களைப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று கோத்து, மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டி, அதன்மேல் ஈயத்தை ஓடவிட்டார். கையைத் தூக்கினார். மூச்சை அடக்கினோம். ரயில் எதுவும் வரவில்லை. ஒவ்வொரு இணைப்பும் புதுக் கொலுசுபோல மின்னியது. இருக்கைக்கு அடியில், ஆபத்து வந்தால் தானாக விழுந்து கரண்டை நிறுத்திவிடும் ஒரு வெள்ளைச் சுவிட்ச் வைத்தார். அதற்குள் ஒயர் முனையைச் செருகித் திருகாணியால் இறுக்க வேண்டும். அந்த இரண்டு முனைகளையும் விட்டுவைக்க அவருக்கு மனம் வரவில்லை. அவற்றையும் ஈயத்தில் முக்கி எடுத்து, அழகு பார்த்து, செருகி இறுக்கினார்.

மறுநாள் சாந்தா ஏற்றத்தில் ஏறினார். தம்பி கூடவே ஓடினான், பாதிக்குமேல் அவனால் முடியவில்லை. நானும் அறுபத்துமூணுவும் அவருடைய மொபெட்டில் பின்னால் போனோம். உச்சியில் சாந்தா வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். தம்பி இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அன்று இரவே அவன் பெங்களூர் கிளம்பிவிட்டான்.

இது நல்ல செய்தி. மூன்று மாதம் ஓடிய பிறகு எழுதலாம் என்று ஒத்திவைத்தேன். செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, போட்டோ எடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பேசிக்கொண்டே சாந்தா இருக்கையைத் தூக்கி, உள்ளேயிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். வெள்ளைச் சுவிட்சின் இரண்டு திருகாணிகளையும் தலா கால் சுற்று இறுக்கினார். மூடினார்.

"என்னங்க இது?"

"காலைல ஒருக்கா, சாயந்திரம் ஒருக்கா. அவ்ளோதாங்க."

முதல் வாரமே வண்டி ஏற்றத்தின் நடுவில் நின்றிருக்கிறது. பிளாஸ்டிக் பொசுங்கும் வாசனை. நூறுநாள் வேலைக்குப் போன பெண்கள் மேலே தள்ளிவிட்டிருக்கிறார்கள். சாந்தா ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்து, சுவிட்சில் கை சுடுவதையும் திருகாணி தளர்ந்திருப்பதையும் கண்டுபிடித்திருக்கிறார். இறுக்கியதும் வண்டி ஓடியது. மறுநாள் மறுபடி தளர்ந்தது.

"அவருகிட்ட சொல்லலையா?"

சாந்தா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சொன்னா ஈயத்த மாத்தணும்னு வண்டிய வாங்கி வச்சிக்குவாருங்க. இன்னொரு பத்தொம்பது நாளு. என்னய யாரு தள்ளறது? ஒரு வாரம் வரலன்னா இந்த எடத்துக்கு வேற ஆளப் போட்ருவாங்க." பிறகு, "அந்த மனுசனுக்கும் தாங்காது. பாவம். ஈயத்தத் தவிர அவருக்கு வேற என்னா இருக்குது?" என்றார்.

சுவிட்சின் ஓரம் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. நான் போட்டோ எடுக்கவில்லை. தருமபுரியில் எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவருக்குப் போன் செய்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஸ்க்ரூவுக்குள்ள போற முனைல ஈயம் வச்சிருக்காங்களா?"

"ஆமா."

"வைக்கக் கூடாதுங்க. ஈயம் மெத்துனது. இறுக்குனா கொஞ்சங் கொஞ்சமா நசுங்கி எடம் குடுத்துக்கிட்டே இருக்கும். ஸ்க்ரூ லூசாவும், சூடாவும், சூடானா இன்னும் நசுங்கும். ஒருநாள் பத்திக்கும். யாருங்க வச்சது, புது ஆளா?"

புது ஆள் என்று சொல்லிவிட்டேன்.

சாந்தாவிடம் ரகசியம் காப்பதாக நான் வாக்குக் கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. ஆனாலும் அன்று மாலை ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த அறுபத்துமூணுவிடம் போய் நின்றபோது, விபத்தில் இறந்தவரின் வீட்டில் பேட்டி எடுக்கப் போனதுபோல் இருந்தது. பழகிய முறையில், அபிப்பிராயம் கலக்காமல், தகவலை மட்டும் சொன்னேன். வண்டி நின்றது. திருகாணி சுட்டது. தினமும் இரண்டு முறை இறுக்குகிறார். சுவிட்ச் நிறம் மாறியிருக்கிறது. திருகாணிக்குள் போகும் முனையில் ஈயம் வைக்கக் கூடாது என்கிறார் தருமபுரி எலக்ட்ரீஷியன். அவருக்குத் தாங்காது என்று சாந்தா சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன்.

நீளமான சரக்கு ரயில் ஒன்று போனது.

"ரெண்டு ஸ்க்ரூவுமா?"

"ரெண்டும்."

"மூணு மாசமாவா?"

"ஆமா."

"ஈயத்துல கலப்படம் இருக்குமோ?"

"இல்லைன்னு நினைக்கிறேன்."

"நானும் இல்லைன்னுதான் நெனைக்கிறேன்," என்றார். டீ பாதி இருந்தது. வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் யார் சொன்னதையும் நம்புகிற ஆள் இல்லை. மறுநாள் சனி, அதற்கடுத்து ஞாயிறு, பள்ளிக்கூடம் கிடையாது. அந்த இரண்டு நாளும் கடையைப் பாதி சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். அதே மாதிரி சுவிட்ச் இரண்டு. ஒன்றில் ஈயம் தோய்த்த முனை, இன்னொன்றில் வெறும் செம்பு. பழைய பேட்டரியிலிருந்து முப்பது ஆம்பியரை விடுவதும் நிறுத்துவதுமாக ஏற்றத்தையும் இறக்கத்தையும் மேஜைமேலேயே நடத்தினார். ரயில்கள் போயின. கையைத் தூக்கவில்லை. ஞாயிறு மாலை என்னைக் கூப்பிட்டு ஸ்க்ரூடிரைவரைக் கையில் கொடுத்தார். ஈயம் வைத்த பக்கம் திருகாணி கால் சுற்று சும்மா சுற்றியது. செம்புப் பக்கம் பெயருக்கு அசைந்து நின்றுவிட்டது.

"எல்லாருக்கும் சொன்னேன்," என்றார். "ஈயத்த நம்பாதீங்கன்னு."

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு மொபெட்டில் என்னையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். சாந்தா உள்ளே அரிசி அளந்துகொண்டிருந்தார். இனி மூன்று மணிவரை வண்டிக்கு வேலையில்லை என்று கணக்குப் போட்டுத்தான் அறுபத்துமூணு வந்திருந்தார். வேப்பமரத்தடியில் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தான் முக்கி எடுத்த முனைகளை வெட்டிப் போட்டார். ஒயரில் புதுச் செம்பைச் சீவி எடுத்து, லக் என்று கடைகளில் சொல்லும் செம்புக் குழலை மாட்டி, நீளக் கைப்பிடி உள்ள இடுக்கியால் நசுக்கினார். கறுத்த சுவிட்சைக் கழற்றிப் புதுசு வைத்தார். ஈயம் துளியும் தொடவில்லை. கொண்டுவந்திருந்த பையில்கூட ஈயம் இல்லை, நான் பார்த்தேன். ஐம்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. பத்தொன்பது நாள் அல்ல.

அவர் எழுந்தபோது சாந்தா வராந்தா விளிம்பில் வந்து உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"என்னாங்கண்ணா, இவ்ளோ தூரம்?"

"இந்தப் பக்கம் ஒரு ஸ்பிரேயரு பாக்க வந்தேன். அப்பிடியே வண்டி எப்பிடி இருக்குதுன்னு."

"நல்லாத்தான் ஓடுது. ஒரு குத்தமும் இல்ல."

"அதாம்மா. நல்லாத்தான் இருக்குது. சும்மா தொடச்சி வச்சேன்."

இருவரும் என்னைப் பார்க்கவில்லை. பொய் சாட்சிகளுக்கு நடுவில் நிற்கும் பழக்கம் என் தொழிலில் உண்டு. சாந்தா சமையல்காரம்மாவிடம் ஒரு சொம்பில் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அறுபத்துமூணு கை கழுவப் போனார், ஒருமுறைதான் கழுவினார்.

அந்தச் செய்தியை நான் எழுதவே இல்லை. அதற்கப்புறம் பொம்மிடியில் இருந்த ஒன்றரை வருடத்தில், வண்டி ஏற்றத்தில் நின்றதாக ஒருமுறையும் கேள்விப்படவில்லை. ஆனால் வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, எட்டரை மணிக்கு அறுபத்துமூணுவின் மொபெட் அந்த ஏற்றத்தின் அடியில் கெட்டுப்போய் நிற்கும். அவர் குனிந்து பிளக்கைக் கழற்றி ஊதிக்கொண்டிருப்பார். சாந்தா அவரைத் தாண்டிப் போவார், என்ன ஆச்சு என்று கேட்க மாட்டார். உச்சியில் ஏறி முடித்ததும் ஒருமுறை ஹாரன் அடிப்பார். அது காதில் விழுந்த பிறகுதான் மொபெட் ஸ்டார்ட் ஆகும்.